பீகிள் கப்பலில் ஐந்து மில்லிமீட்டர்

பீகிள் கப்பலின் மர மாதிரிக்குப் போட்ட பதினோரு மாத உழைப்பின் மேல் ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். ஃபெவிகால் இளகினால்தான் மேல்தளம் கழன்று வரும். நாலு மில்லிமீட்டர் அகலப் பட்டைகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சில் கரியைத் தேய்த்து ஒட்டியிருந்தேன். பலகை இடுக்கில் நாரும் கீலும் திணித்து அடைத்த கோடு போல அது தெரியும். அந்தத் தளத்துக்கு மட்டும் ஆறு வாரம் ஆனது.

மனைவி வந்து பார்த்தாள். "அஞ்சு மில்லிமீட்டர்தானேங்க? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சப்புறம் யாருக்குத் தெரியப் போகுது?"

தளம் அந்த ஐந்து மில்லிமீட்டர் உயரவில்லையென்றால் என் மேசையில் இருப்பது வேறு கப்பல். 1820 மே 11 அன்று வூலிச் கப்பல் கட்டும் துறையில் தண்ணீரில் இறக்கிய பீகிள் அது. நான் செய்ய ஆசைப்பட்டது 1831 டிசம்பர் 27 அன்று பிளிமத்தை விட்டுக் கிளம்பிய பீகிளை. டார்வின் ஏறிப் போனது, ஐந்து வருடம் உலகைச் சுற்றி 1836 அக்டோபர் 2 அன்று ஃபால்மத்துக்குத் திரும்பியது. இரண்டும் ஒரே உடல்தான். ஆனால் நடுவில் தச்சர்கள் இரண்டு முறை கை வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பாதிதான் கவனித்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

பீகிள் செரோக்கி வகையைச் சேர்ந்த கப்பல். சர் ஹென்றி பீக் 1807-இல் வரைந்த வடிவம். அதை வைத்து பிரிட்டிஷ் கடற்படை நூற்றுக்கும் மேல் கட்டியது. இரண்டு பாய்மரம், பத்து பீரங்கி, 235 டன். நீளம் 90 அடி 4 அங்குலம், அகலம் 24 அடி 6 அங்குலம். நம் ஊர்த் தெருவில் நிறுத்தினால் நாலு வீட்டு வாசல் நீளம்கூட வராது. அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். இந்த வகைக் கப்பல்களுக்குச் சவப்பெட்டி என்றே மாலுமிகளிடம் பட்டப்பெயர் இருந்தது. பெரிய அலையில் கவிழ்ந்துவிடும் என்ற பயம்.

1:60 அளவைத் தேர்ந்தெடுத்தேன். உடல் 459 மில்லிமீட்டர், அகலம் 124.5. என் மேசைக்கும் கண்ணுக்கும் அது பொருந்தியது. கையில் இருந்த வரைபட நகல் 1:48 அளவு. 80 சதவீதமாகக் குறைத்தால் சரியாக 1:60. கடையில் பிரிண்ட் எடுத்து வந்து ஸ்கேல் வைத்தால் 452 மில்லிமீட்டர்தான் இருந்தது. தாளுக்குள் அடக்கு என்ற தேர்வு கணினியில் தானாகவே போட்டிருந்திருக்கிறது. வெட்டுவதற்கு முன் அளந்து பார்த்ததால் பிழைத்தேன். வரைபடத்தை அச்செடுக்கிறவர்கள் முதலில் நீளத்தை அளந்துவிடுங்கள். குறுக்காக ஒரு அளவையும் பாருங்கள். சில அச்சு இயந்திரங்கள் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்.

முதுகெலும்பு 4 மி.மீ. பிளைவுட். நம் கடற்கரைத் தச்சர்கள் ஏரா என்று சொல்வார்களே, அதன் இடத்தில் ஒரு தட்டையான பலகை. அதில் வெட்டுப் போட்டுப் பதினான்கு குறுக்குச் சட்டங்களைச் செருகினேன். உண்மைக் கப்பலில் வங்குகள், அதாவது விலாச் சட்டங்கள், நெருக்கமாக இருக்கும். மாதிரிக்கு இவ்வளவு போதும். பிளைவுட்டை வாங்கியதும் கண்ணாடி மேல் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஓரம் அரை மில்லிமீட்டர் தூக்கினாலும் அது வேண்டாம். முதுகு முறுகினால் பாய்மரம் சாயும், அது சாய்ந்தால் கயிறெல்லாம் ஒரு பக்கம் இழுக்கும். நான் மூன்று துண்டு மாற்றினேன்.

மரத்துக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வெளிநாட்டு நூல்களில் பாக்ஸ்வுட், பேர்வுட் என்று எழுதியிருப்பார்கள். இறக்குமதி செய்தால் விலை தாங்காது. எங்கள் பகுதியில் பழைய கதவு, ஜன்னல் வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் என் பிரச்சினையைச் சொன்னேன். இழைப்பு விழாமல், நார் தெரியாமல், மெல்லிசாகச் சீவினாலும் உடையாத மரம் வேண்டும். அவர் உள்ளே போய் மஞ்சளாக ஒரு கட்டையை எடுத்து வந்தார். "மஞ்சக்கடம்பு தம்பி. அந்தக் காலத்துல இதுலதான் சீப்பு செய்வாங்க. பல்லு உடையாது பாரு." சீப்புப் பல் அளவுக்கு அறுத்தாலும் நிற்கிற மரத்தைவிட வேறென்ன வேண்டும்? உடல் பட்டை, பாய்மரம், பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பான பருமல் எல்லாம் அதிலேயே. தளத்துக்கு வெப்பாலை, வெள்ளையாக, தந்தம் மாதிரி இருக்கும். சென்னபட்டணத்துப் பொம்மைகளும் அந்த மரம்தான். கப்பி மாதிரி கடைந்து எடுக்கும் சின்னச் சாமான்களுக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை அறுக்கும்போது ரம்பத்தின் கனம் இரண்டு மில்லிமீட்டர் என்றால் பாதிக்கு மேல் மரம் தூளாகப் போய்விடும். ஆசாரி மெல்லிய பிளேடு போட்டு அறுத்துக் கொடுத்தார். அப்படியும் ஒரு மூட்டை மஞ்சள் தூள். கணக்குப் போடும்போது தேவைக்கு மூன்று மடங்கு மரம் வாங்குங்கள்.

இனி அந்தத் தளம்.

சட்டங்கள் ஒட்டி, தளம் போட்டு, பக்கப் பட்டைகளில் நான்கைந்து வரிசை ஏறியிருந்தது. சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம் வர வேண்டும் என்று சரிபார்க்க, அந்தப் பயணத்தில் பீகிளின் கேப்டனாக இருந்த ஃபிட்ஸ்ராய் 1839-இல் வெளியிட்ட பயணக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். 1831-இல் டெவன்போர்ட்டில் கப்பலை ஏறக்குறையப் பிரித்துக் கட்டினார்கள். மேல்தளத்தை உயர்த்த அவர் அனுமதி வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு என்பதை அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார்: பின்பக்கம் எட்டு அங்குலம், முன்பக்கம் பன்னிரண்டு. முதல்முறை படித்தபோது அந்த அடிக்குறிப்பின் மேல் கண் போகவில்லை.

பன்னிரண்டு அங்குலத்தை அறுபதால் வகுத்தால் 5.1 மி.மீ. எட்டு அங்குலத்துக்கு 3.4.

ஏன் உயர்த்தினார் என்று யோசித்தால்தான் அந்த அளவின் அருமை புரியும். இந்த வகைக் கப்பல்களில் சுற்றுச்சுவர் உயரம், தளம் தாழ்வு. அலை உள்ளே விழுந்தால் தொட்டியில் பிடித்த மாதிரி தண்ணீர் தேங்கும். அந்தக் கனம் மேலே நின்று கப்பலைச் சாய்க்கும். தளத்தை ஓர் அடி தூக்கினால் தொட்டியின் ஆழம் குறைகிறது. கீழே குனிந்து நடந்தவர்களுக்குத் தலை நிமிர்த்தவும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. சவப்பெட்டி என்ற பெயரை எடுத்த வடிவத்தில் ஒரு கேப்டன் ஆட்களின் உயிருக்காகச் செய்த திருத்தம் அது. அதை விட்டுவிட்டுக் கப்பலின் பெயரை மட்டும் பலகையில் எழுதி ஒட்ட என் கை வரவில்லை.

கழற்றிய முறை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையில் தொட்டு இடுக்குகளில் விட்டேன். பத்து நிமிடம் கழித்து ஹேர் டிரையர். பிறகு மெல்லிய பெயின்ட் கத்தியை அடியில் நுழைத்து, நெம்பாமல், பக்கவாட்டில் தள்ளினேன். நெம்பினால் சட்டத்தின் தலை பிளக்கும். இரண்டாவது சட்டத்தில் அப்படி ஆனபிறகுதான் கற்றுக்கொண்டேன். வெள்ளைப் பசையாக இருந்ததால் முடிந்தது. ஃபெவிக்விக் போட்டிருந்தால் சட்டங்களையே புதிதாக வெட்டியிருக்க வேண்டும். அன்றிலிருந்து உடல் வேலையில் உடனொட்டும் பசையைத் தொடுவதில்லை. காய நேரம் எடுக்கும் பசை, தவறைத் திருத்தவும் நேரம் கொடுக்கிறது.

அடுத்த கேள்வி, உயரத்தை எப்படிக் கூட்டுவது? முன்னால் 5.1, பின்னால் 3.4, நடுவில் பன்னிரண்டு சட்டங்கள். ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் 0.13 மி.மீ. வித்தியாசம். தனித்தனியாக அளந்து வெட்டினால் ஒன்றுகூடச் சரியாக வராது. அதனால் எல்லாச் சட்டங்களின் தலையிலும் மெல்லிய பட்டைகளை வளைத்து அடுக்கி, வேண்டுமென்றே அதிகமாக, ஆறு மில்லிமீட்டர் ஏற்றினேன். தளத்துக்குக் குறுக்காக ஒரு வளைவு உண்டு. நடு உயர்ந்து, தண்ணீர் இரு ஓரமும் ஓட வேண்டும். பட்டையைச் சட்டத்தின் மேலேயே வளைத்து ஒட்டினால் அந்த வளைவு தானாக வந்துவிடும். பிறகு முதல் சட்டத்தையும் கடைசிச் சட்டத்தையும் மட்டும் குறித்த அளவுக்கு அராவினேன். இரண்டுக்கும் நடுவே வளையக்கூடிய நீளப் பட்டை ஒன்றைப் படுக்கவைத்து, எங்கே முட்டுகிறதோ அங்கே தேய்த்தேன். பழைய தளத்தின் கோட்டைச் சட்டங்களில் பென்சிலால் விட்டுவைத்திருந்ததால் இடையிடையே அளந்து பார்க்க முடிந்தது. நீளவாட்டில் கப்பலுக்கு இயல்பாக ஒரு தொய்வு உண்டு. பட்டை அதைத் தானே காட்டும். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் கால் மில்லிமீட்டர் மேடுகூட உறுத்தும். நான்கு மாலை ஆனது. தளத்தை வைத்துப் பார்த்தபோது அது படிந்த விதத்தைச் சொல்லத் தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "வழவழன்னு போகுதே" என்றாள்.

பக்கப் பட்டைகளில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. எல்லாப் பட்டையும் ஒரே அகலத்தில் ஓட முடியாது. கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், முன்முனையான அணியத்தில் குறைவு. நடுச் சட்டத்தில் இருக்கும் அதே எண்ணிக்கைப் பட்டைகள் மூக்கில் போய்க் குறுகிச் சேர வேண்டும். ஒரு காகித நாடாவைச் சட்டத்தின் மேல் ஒட்டிச் சுற்றளவை எடுத்து, அதைப் பட்டை எண்ணிக்கையால் வகுத்தால் அந்த இடத்தில் ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு அகலம் என்று தெரியும். எல்லாச் சட்டத்திலும் குறித்துக்கொண்டு, பட்டையை அதற்கேற்பச் சீவ வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது; ஆணி அடிக்க இடம் இருக்காது, எந்தக் கப்பல் தச்சரும் அப்படிக் கூராக முடிக்கமாட்டார். பின்பக்கம் நேர்மாறு, இடைவெளி விரியும். அங்கே ஆப்பு மாதிரி ஒரு துண்டைச் சேர்க்க வேண்டும். வளைப்பதற்கு, இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, சால்டரிங் அயர்னின் சூட்டில் மெல்ல இழுத்தால் மஞ்சள் கடம்பு சொன்னபடி கேட்கும். பட்டையைத் தட்டையாக மட்டும் வளையுங்கள். ஓரவாட்டில் வளைக்க முயன்றால் முறுக்கிக்கொண்டு எழும்.

1831-இல் நடந்த இன்னொரு வேலையை இந்த முறை தவறவிடவில்லை. கப்பலின் அடிப்பாகம் முழுக்க ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் இரண்டு அங்குலப் பலகையை மேலே அடித்தார்கள். அதன் மேல் ஒரு படலம் ஃபெல்ட், அதற்கும் மேல் புதுச் செம்புத் தகடு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கும், பாசிக்கும் சிப்பிக்கும் எதிரான கவசம். இதனாலேயே கப்பல் 235 டன்னிலிருந்து 242 டன்னாகக் கணக்கில் ஏறியது. இரண்டு அங்குலம் என்றால் 1:60-இல் 0.85 மி.மீ. நீர்க்கோட்டுக்குக் கீழே 0.8 மி.மீ. பட்டையில் இரண்டாவது அடுக்கு ஒட்டினேன். மேல் ஓரத்தில் மெல்லிய படி ஒன்று விழுந்தது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் நிழல் தெரியும். அதைத் தேய்த்துச் சமமாக்காமல் விட்டேன்.

செம்புக்கு ரிச்சி தெருவில் ஆறு மில்லிமீட்டர் அகலப் பசைச் செம்பு நாடா வாங்கினேன். உண்மைத் தகடு நாலு அடிக்கு 14 அங்குலம். நம் அளவில் 20 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம், அகலம் ஏறக்குறைய ஆறு. நாடா அப்படியே பொருந்திவிட்டது. ஆணித் தலைகளுக்குத் தையல்காரர்கள் துணியில் குறி போடும் பல் சக்கரத்தை உருட்டினேன். பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னே வர வேண்டும். அப்போதுதான் முன் தகடு பின் தகட்டின் மேல் ஏறி உட்காரும், ஓடும் தண்ணீர் ஓரத்தைப் பெயர்க்காது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 350 தகடு. பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரல் வியர்வை பட்ட இடம் இரண்டே நாளில் கறுத்து ரேகை தெரியும். பாதி வேலைக்குப் பிறகுதான் எனக்கு இது புரிந்தது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தொட்டுத் துடைத்து, உடனே தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தேன். போய்விட்டது.

பாய்மரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சதுரக் குச்சியை எண்கோணமாக்கி, பிறகு டிரில்லில் மாட்டி உப்புத்தாளால் உருட்ட வேண்டும். மூன்றாவது பாய்மரம், பின்னால் இருப்பது, 1825-இல் கூட்டியது. முன்பு இரண்டே பாய்மரம். அதைச் சேர்த்த பிறகு கப்பலைத் திருப்புவது சுலபமாயிற்று. அந்த மரம் பின்தள அறைக்குள்ளே இறங்கிப் போகும். அந்த அறையில்தான் வரைபட மேசைக்கு மேலே டார்வின் படுக்கும் ஹம்மாக், அதாவது தொங்கு படுக்கை, தொங்கியது. அவர் உயரம் ஏறத்தாழ ஆறடி; இடம் போதாமல் ஒரு இழுப்பறையைக் கழற்றித்தான் கால் பக்கத்துக் கயிற்றைக் கட்ட வேண்டியிருந்தது. மூடினால் வெளியே தெரியாத அறைதான். இருந்தாலும் மேசையைச் செய்து உள்ளே வைத்தேன். முப்பது மில்லிமீட்டர் மனிதன் ஒருவனை அட்டையில் வெட்டி மேலே பிடித்துப் பார்த்தேன். இழுப்பறையை ஏன் கழற்றினார் என்பது கண்ணுக்கே தெரிந்தது.

பாய்மரத்தின் பின்முகத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய செம்புக் கோடு ஒன்றும் ஓடுகிறது. வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் வடிவமைத்த இடிதாங்கி. இந்தப் பயணத்துக்கு எல்லாப் பாய்மரங்களிலும் பொருத்தினார்கள். மிச்சமிருந்த நாடாவை ஒரு மில்லிமீட்டராகக் கீறி ஒட்டினேன்.

கயிற்றில் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. முதலில் பருத்தி நூல்தான் போட்டேன். இயற்கை நார், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்று. ஷ்ரவுட் என்பது பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் தடித்த கயிறு. வலப்பக்கம் முதல் ஜோடி, இடப்பக்கம் முதல் ஜோடி என்று மாறி மாறிப் போட்டால் மரம் நேராக நிற்கும். அப்படித்தான் போட்டேன், நேராகத்தான் நின்றது. நவம்பர் மழை தொடங்கியது. சென்னைக் காற்றில் ஈரம் ஏற ஏறப் பருத்தி நூல் சுருங்கி, பின் பாய்மரத்தின் மேல் துண்டைப் பின்னால் வளைத்துவிட்டது. வெயில் வந்ததும் எல்லாம் தளர்ந்து தொங்கியது. சணல் கயிறு போட்ட உண்மைக் கப்பல்களிலும் இதே தொல்லை இருந்தது. மாலுமிகள் அடிக்கடி இறுக்கியும் தளர்த்தியும் பார்த்துக்கொண்டார்கள். என் கப்பலில் மாலுமி கிடையாது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன்.

பாரிமுனையில் தையல் சாமான் கடையில் பாலியெஸ்டர் நூல் வாங்கி, மூன்று இழையை டிரில்லில் மாட்டி முறுக்கி நானே கயிறு திரித்தேன். ஒவ்வொரு இழையையும் முதலில் தனியாக முறுக்க வேண்டும். பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்த் திசையில். அப்போதுதான் விட்டதும் பிரியாது. பாலியெஸ்டரின் மினுமினுப்பு போகத் தேன்மெழுகில் இழுத்தேன். நிலையாக நிற்கும் கயிறுகள் கீல் பூசியவை, அதனால் கருப்பு. பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறுகள் சணல் நிறம். இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டினால் போதும், பார்ப்பவருக்கு எது தாங்குகிறது, எது ஓடுகிறது என்பது விளங்கிவிடும்.

ஷ்ரவுட்டுக்குக் குறுக்கே மாலுமி ஏறும் கயிற்றுப் படிகள். படிக்குப் படி ஓர் அடிக்குச் சற்று அதிகம். நமக்கு ஆறு மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர்க் கோடு போட்ட அட்டையைப் பின்னால் செருகிக்கொண்டு முடிச்சுப் போட வேண்டும். இழுத்து முடிந்தால் ஷ்ரவுட்டுகள் உள்ளே வளைந்து இடுப்பு ஒடுங்கிவிடும். நடுவில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது முடிச்சுக்கு மேல் போடவில்லை. அதற்கு மேல் போட்டதை மறுநாள் பார்த்தால் கோணலாக இருக்கும்.

கடைசியாகப் படகுகள். 1833 ஜனவரி 13 அன்று தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் ஹார்ன் முனைக்கு அருகே மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்தன. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்துச் சுவர் தண்ணீருக்குள் போனது. பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி நிமிர்ந்தார்கள். தளத்தை உயர்த்தாத பழைய பீகிளாக இருந்திருந்தால் உள்ளே இன்னும் எவ்வளவு தண்ணீர் நின்றிருக்கும் என்று, அந்தத் தளத்தை மறுபடி ஒட்டிய நாட்களில் எல்லாம் நினைத்துக்கொண்டேன். பின்பக்கத்தில் தொங்கிய படகுகளில் ஒன்று முங்கிப் பிய்ந்து போனது. முந்தைய பயணத்தில் மாட்டியதைவிட மூன்று அடி உயரத்தில் மாட்டியிருந்தும் போய்விட்டது என்று ஃபிட்ஸ்ராய் எழுதுகிறார்.

மூன்று அடி என்றால் 15 மில்லிமீட்டர். படகு தொங்கும் வளைகம்பிகளைப் பித்தளையில் வளைத்து, பழைய உயரத்தையும் புதிய உயரத்தையும் பென்சிலால் குறித்தேன். மேல் குறியில் துளை போட்டேன். நேற்று இரவு இரண்டு படகுகளையும் மாட்டினேன். இடப்பக்கத்துப் படகின் பின் கப்பியில் மட்டும் கயிறு இன்னும் கோக்கவில்லை.